உலகம் ஒரு முழம் பெரிதாக இருந்திருந்தால்?

மைக்ரோசாஃப்ட் வேர்டில் நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளக்கூடியவை ஏராளம். அளவுகோல் அங்குலத்தில் வேண்டுமா சென்டிமீட்டரிலா, பிழையான சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு வேண்டுமா வேண்டாமா, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் இடம் இருக்கிறது. ஒன்றுக்கு மட்டும் இல்லை. திறக்கும்போது ஜன்னல் எவ்வளவு அகலத்தில், எவ்வளவு உயரத்தில் வந்து நிற்க வேண்டும் என்று எண்ணாகக் கொடுக்கும் கட்டம் அங்கே கிடையாது. கடைசியாக மூடிய ஜன்னல் எந்த அளவில் இருந்ததோ, அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறையும் அதே அளவில் திறக்கிறது வேர்ட்.

அப்படியானால் முதல் முறை? விண்டோஸுக்கு நிரல் எழுதுபவர்கள் புது ஜன்னல் கேட்கும்போது அதன் இடத்தையும் அளவையும் சொல்ல வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்றால் ‘சி.டபிள்யூ. யூஸ்டீஃபால்ட்’ என்ற ஒரு சொல்லைப் போட்டால் போதும். ‘நீயே பார்த்துக்கொள்’ என்று அதற்குப் பொருள். விண்டோஸ் ஏதோ ஓர் அளவைக் கொடுக்கும். அடுத்த ஜன்னலைச் சற்றுக் கீழே, சற்று வலப்புறம் தள்ளி வைக்கும். பயன்படுத்துபவர் சொல்லவில்லை, நிரல் எழுதியவரும் சொல்லவில்லை. ஆனாலும் ஜன்னல் ஏதாவது ஓர் அளவில் திறந்தே ஆக வேண்டும்.

இருக்கக்கூடிய ஆயிரம் அளவுகளில் இது மட்டும் ஏன்? வேலையற்றவன் கேட்கும் கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் ஜன்னல் என்ற இடத்தில் உலகம் என்று போட்டால், அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக பாக்தாதிலும் கொர்தோபாவிலும் ஹனோவரிலும் பெரும் அறிஞர்கள் மோதிக்கொண்ட கேள்வி இதுதான்.

1095-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாக்தாத் நிஜாமிய்யா மதரஸாவில் பேராசிரியராக இருந்த அபூ ஹாமித் அல்-கஸாலி ‘தஹாஃபுத் அல்-ஃபலாஸிஃபா’ என்ற நூலை எழுதி முடித்தார். அரிஸ்டாட்டில் வழியில் சென்ற தத்துவவாதிகளை, குறிப்பாக இப்னு சீனாவை, இருபது தலைப்புகளில் மறுக்கும் நூல் அது. உலகம் என்றும் இருந்ததா, ஒரு நாள் படைக்கப்பட்டதா என்பது முதல் தலைப்பு. தத்துவவாதிகளின் வாதம் எளியது. படைப்புக்கு முன் எல்லாக் கணங்களும் ஒன்றுபோலவே இருந்திருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் இறைவன் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்க முடியாது. காரணமில்லாமல் தேர்வு நடக்காது. ஆகவே உலகம் என்றென்றும் இருந்துவருகிறது.

கஸாலி இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்றுபோல இருக்கும் இரண்டில் ஒன்றைப் பிரித்தெடுப்பதுதான் விருப்பத்தின் வேலையே என்றார். பசித்தவன் முன்னே எல்லா வகையிலும் ஒத்த இரண்டு பேரீச்சம்பழங்கள் இருக்கின்றன, ஒன்றைத்தான் எடுக்கலாம். இதைவிட அது மேல் என்று சொல்ல எதுவும் இல்லை என்பதற்காக அவன் பட்டினி கிடப்பானா? ஒன்றை எடுத்துத் தின்பான். பிறகு எதிராளியின் மடியிலேயே கைவைத்தார். விண்கோளங்கள் இந்தத் திசையில் சுழல்கின்றன என்கிறீர்கள், எதிர்த்திசையில் சுழன்றால் என்ன? உருண்டையான வானத்தில் எல்லாப் புள்ளிகளும் சமம் என்கிறீர்கள், துருவங்களாக இந்த இரண்டு புள்ளிகள் மட்டும் அமைந்தது எதனால்? அதே விவாதத்தில் இன்னோரிடத்தில் அளவுக்கு வந்தார். மேல்வானத்தை இப்போதிருப்பதைவிட ஒரு முழம் பெரிதாகப் படைக்க இறைவனால் முடியுமா, முடியாதா? முடியாது என்றால் இறைவனின் வல்லமை குறைகிறது. முடியும் என்றால் இரண்டு முழமும் மூன்று முழமும்கூட முடியும்.

முழக் கணக்கை கஸாலி எடுத்தது காலத்தைப் பற்றிய ஒரு வாதத்தை முறிப்பதற்காக. ஆனால் அளவைப் பற்றிய சங்கடம் அங்கே தனியாகவே எழுந்து நிற்கிறது. இருப்பது இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால், அது இப்படி இருப்பதற்கு யாரோ ஒருவருடைய விருப்பம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

பதில் வர எண்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. கொர்தோபாவைச் சேர்ந்த நீதிபதியும் மருத்துவருமான இப்னு ருஷ்த், கஸாலியின் நூலையே வரிசையாக எடுத்துப் பதில் எழுதினார். பசித்தவனுடைய தேர்வு இந்தப் பழத்துக்கும் அந்தப் பழத்துக்கும் இடையில் இல்லை, தின்பதற்கும் தின்னாமல் இருப்பதற்கும் இடையில்தான் என்று பேரீச்சம்பழ வாதத்தை மடக்கினார். அளவைப் பற்றி அவர் சொன்னது இன்னும் கடுமை. ஒரு பொருள் எந்த அளவிலும் இருக்கலாம் என்றால், அதைச் செய்தவனுக்குத் தொழில் தெரியாது என்றுதான் அர்த்தம். தேர்ந்த கைவினைஞன் செய்த பொருளில் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நோக்கம் இருக்கும். இறைவனின் படைப்பில் அது இல்லாமல் போகுமா?

இப்னு ருஷ்துக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரு பொருள் ஒவ்வோர் அலுவலகத்திலும் இருக்கிறது. ஏ4 தாள்: 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் நீளம். பார்த்தால் யாரோ வாய்க்கு வந்ததைச் சொன்னது போன்ற எண்கள். ஆனால் நீளத்தை அகலத்தால் வகுத்தால் ஏறத்தாழ இரண்டின் வர்க்கமூலம் வரும். அந்த விகிதம் கொண்ட தாளை நடுவில் மடித்தால், பாதித் தாளுக்கும் அதே விகிதம்தான். வேறெந்த விகிதத்துக்கும் இந்தக் குணம் கிடையாது. ஜெர்மன் அறிவியலாளர் லிச்டென்பெர்க் 1786-ஆம் ஆண்டிலேயே ஒரு கடிதத்தில் இதை எழுதினார். வால்டர் போர்ஸ்ட்மன் 1922-இல் இதை ஜெர்மானியத் தரநிலையாக்கினார். ஏ வரிசையின் மூத்த தாளான ஏ0-வின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதை நான்கு முறை மடித்தால் ஏ4. இந்தத் தாளை ஒரு முழம் என்ன, ஒரு விரல்கடைகூடப் பெரிதாக்க முடியாது. ஆக்கினால் கணக்கு கெட்டுவிடும். அமெரிக்க அமைப்போடு நிறுவப்பட்ட வேர்டோ எட்டரைக்குப் பதினொன்று அங்குல ‘லெட்டர்’ தாளைத்தான் விரிக்கும். அதை அப்படியே விட்டுவிட்ட கோப்பை ஏ4 மட்டுமே இருக்கும் பிரிண்டருக்கு அனுப்பினால், இல்லாத லெட்டர் தாளைக் கேட்டு அது நின்றுவிடுவதும் உண்டு.

ஐரோப்பாவில் 1715-இலும் 1716-இலும் இதே வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. ஹனோவரிலிருந்து லைப்னிட்ஸும், லண்டனிலிருந்து நியூட்டனின் நண்பரான சாமுவேல் கிளார்க்கும் வேல்ஸ் இளவரசி கரோலின் வழியாகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். வெளி என்பது எல்லா இடத்திலும் ஒன்றுபோல விரிந்துகிடக்கும் ஒன்றானால், இறைவன் உலகை இந்தப் பக்கமாக வைத்தது ஏன், கிழக்கு மேற்காகத் திருப்பி வைக்காதது ஏன் என்று கேட்டார் லைப்னிட்ஸ். அவனுடைய விருப்பமே போதுமான காரணம் என்றார் கிளார்க். காரணமில்லாத விருப்பத்தை ஞானமுள்ள இறைவன்மேல் ஏற்றக் கூடாது, ஆகவே அப்படிப்பட்ட வெளியே கிடையாது என்றார் லைப்னிட்ஸ். 1716 நவம்பரில் லைப்னிட்ஸ் இறந்தார். கடிதங்களும் நின்றன.

விருப்பம் என்றது ஒரு கட்சி, ஞானம் என்றது மறு கட்சி. மூன்றாவதாக ஒன்று இருக்கக்கூடும் என்பதைக் கணினிக் காலம் காட்டியது. ஜாரெட் ஸ்பூல் என்ற அமெரிக்கப் பயன்பாட்டு ஆய்வாளர், தனிக்கணினியின் ஆரம்ப காலத்தில் பலரிடம் அவர்களுடைய வேர்ட் அமைப்புக் கோப்பை அனுப்பச் சொல்லிச் சேகரித்த கதையை 2011-இல் எழுதினார். எதையாவது மாற்றியிருந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்கள் எல்லாம் வந்தது வந்தபடி வைத்திருந்தார்கள். இதில் வேடிக்கை, தானாகச் சேமிக்கும் வசதி அந்தப் பதிப்பில் அணைக்கப்பட்டு வந்திருந்தது. மின்சாரம் போனால் எழுதியது போகும். ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், அணைத்து வைத்திருக்கிறார்கள் என்றால் ஏதாவது காரணம் இருக்கும், செய்தவர்களுக்குத் தெரியாதா என்ற பாங்கில் பதில் வந்தது.

நிறுவனத்தில் விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அமைப்புக் கோப்பை உருவாக்கிய நிரலாளர், உண்மையான மதிப்புகளை யாராவது பிறகு சொல்வார்கள் என்று எண்ணி, எல்லா இடத்திலும் பூஜ்யம் போட்டு வைத்திருந்தார். யாரும் வந்து சொல்லவில்லை. பூஜ்யம் என்றால் ‘அணைக்கப்பட்டது’. அவ்வளவுதான்.

பயன்படுத்தியவர்கள் அத்தனை பேரும் தங்களை அறியாமலே இப்னு ருஷ்தின் மாணவர்கள். படைப்பில் நோக்கம் இல்லாமல் இராது என்று நம்பினார்கள். ஆனால் அங்கே ஞானமும் இல்லை, கஸாலி சொன்ன விருப்பமும் இல்லை. பேரீச்சம்பழத்தை எடுக்கக் கை நீண்டிருக்கவே இல்லை. யாரும் தேர்ந்தெடுக்காத ஒன்று, தேர்ந்தெடுக்கப்பட்டதற்குரிய மரியாதையோடு மேசைக்கு மேசை உட்கார்ந்திருந்தது.

நான்காவது வகையும் உண்டு: காரணம் ஒரு காலத்தில் இருந்தது, பிறகு செத்துப்போனது, எண் மட்டும் பிழைத்துக்கொண்டது. 1928-இல் ஐ.பி.எம். தன் துளை அட்டையில் எண்பது நெடுவரிசைகளை வைத்தது. அட்டையைத் தொடர்ந்து வந்த திரைகளும் ஒரு வரிக்கு எண்பது எழுத்து காட்டின. 1970-களின் இறுதியில் வந்த வேர்ட்ஸ்டார் அந்த எண்பதுக்குள்தான் ஓடியது. இன்று மேக் கணினியில் ‘டெர்மினல்’ ஜன்னலைத் திறந்தால் எண்பது எழுத்து அகலம், இருபத்து நான்கு வரி உயரம். துளை அட்டையைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் அந்த அகலத்தில் நிரல் எழுதுகிறார்கள்.

கடைசியாக மூடிய அளவிலேயே வேர்ட் மீண்டும் திறக்கிறது என்று தொடக்கத்தில் பார்த்தோம். விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்ற இந்த விஷயத்தில் இந்தியச் சமயங்களுக்குச் சொல்ல நிறைய உண்டு. உடலை விடும்போது ஒருவன் எதை நினைக்கிறானோ அதையே அடைகிறான் என்கிறது கீதையின் எட்டாவது அத்தியாயம். பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வரும் பரத மன்னன் நாட்டைத் துறந்து காட்டுக்குப் போனவன். தாயை இழந்த மான்குட்டி ஒன்றை வளர்த்தான். உயிர் போகும் நேரத்தில் கண்முன் நின்றது அந்த மான்தான். அத்தனை ஆண்டுத் தவம் ஒருபுறம் இருக்க, மானாகப் பிறந்தான். வேர்டின் ஜன்னலும் இந்தச் சட்டத்துக்குத்தான் கட்டுப்படுகிறது. நாள் முழுக்கத் திரை நிறைய விரித்து வேலை செய்தாலும், மூடுவதற்கு முன் எதற்காகவோ சுருக்கியிருந்தால் மறுநாள் சுருங்கியே திறக்கும். ஒரே ஒரு ஆவணத்தை மட்டும் திறந்து, வேண்டிய அளவுக்கு இழுத்துவிட்டு, அப்படியே மூடுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்லித் தருவது இதனால்தான்.

இந்தச் சட்டம் நியாயமா என்ற கேள்வி பக்தர்களைத் தின்றது. தொண்டை அடைத்து நினைவு தப்பும் கடைசி நிமிடத்தை நம்பி ஒரு வாழ்க்கையின் கணக்கை முடிக்கலாமா? ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் அரங்கனிடம், அந்த நேரத்தில் நினைக்க முடியாமல் போகக்கூடும் என்பதால், உடம்பு நன்றாக இருக்கும்போதே தன் விண்ணப்பத்தை முன்கூட்டிப் பதிவுசெய்துகொண்டார். மேக் கணினியோடு வரும் ‘டெக்ஸ்ட்எடிட்’ இந்தப் பாதையில் போகிறது. புது ஜன்னல் எத்தனை எழுத்து அகலம், எத்தனை வரி உயரம் இருக்க வேண்டும் என்று முன்பே எழுதி வைக்க அதில் இடமுண்டு. கடைசியில் என்ன நடந்தாலும் புது ஆவணம் அந்த அளவில்தான் வரும்.

காஞ்சிபுரத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இராமானுஜருக்கு மனத்தில் சில ஐயங்கள். வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் திருக்கச்சி நம்பிகள், அவருக்காகப் பெருமாளிடமே கேட்டு ஆறு வார்த்தைகளைக் கொண்டுவந்தார் என்பது வைணவ குருபரம்பரை வரலாறு. அந்த ஆறில் நான்காவது, சரணடைந்தவனுக்கு அந்திம ஸ்மிருதி, அதாவது கடைசி நேர நினைவு, தேவையில்லை என்பது. தற்செயலாக வாய்க்கும் இறுதி நிலை ஒருவனுடைய விதியைத் தீர்மானிக்க வேண்டியதில்லை என்று ஒரு மரபு வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது. கீதையை மறுத்து அதைச் சொல்லவில்லை. கீதையைத் தலைமேல் வைத்துக்கொண்டே சொன்னது. வந்தபடி வந்த ஒன்றைத் திருத்துவதற்கு அந்த மரபை விட்டு வெளியேற வேண்டிய அவசியம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

சரி, சுருங்குவதும் விரிவதும் எது? இதிலும் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. உயிரின் அளவு என்ன என்று இந்தியத் தத்துவவாதிகள் உண்மையாகவே அளந்து பார்த்தார்கள். இராமானுஜர் அணு என்றார். உயிர் அணுவளவே, அதன் அறிவுதான் விரியும், சுருங்கும். அத்வைதிகளும் நையாயிகர்களும் விபு என்றார்கள், அதாவது எங்கும் நிறைந்தது. சைவ சித்தாந்தம் உயிர் இயல்பில் வியாபகம், ஆணவ மலம் அதை அணுவைப்போல் ஒடுக்கி வைத்திருக்கிறது என்றது. சமணர்கள் மட்டும் உயிருக்கென்று நிலையான அளவு கிடையாது என்றார்கள். எந்த உடம்பில் புகுகிறதோ அந்த உடம்பின் அளவு. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இதை விளக்கின் ஒளியோடு ஒப்பிடுகிறது. சங்கரர் பிரம்மசூத்திர உரையில் விடவில்லை: மனித உடம்பின் அளவுள்ள உயிர் யானையாகப் பிறந்தால் யானை முழுக்க நிரம்பாது, எறும்பாகப் பிறந்தால் உள்ளே அடங்காது. கூடிக் குறையும் என்றால் அது தோலைப்போல அழியும் பொருள்தானே?

நிலையான அளவு உண்டு என்ற கட்சிக்கும் இல்லை என்ற கட்சிக்கும் வேர்டில் இடம் உண்டு. ‘பிரின்ட் லேஅவுட்’ பார்வையில் ஜன்னலை எவ்வளவு குறுக்கினாலும் பக்கத்தில் ஒரு சொல்கூட வரி மாறாது. பக்கம் அதன் அளவில் இருக்கும், பார்ப்பவருக்குத்தான் பாதி தெரியாது. ‘வெப் லேஅவுட்’டுக்குப் போனால் ஜன்னலின் அகலத்துக்கு ஏற்ப வரிகள் மடிந்துகொண்டே இருக்கும். முதல் பார்வையில் ஜன்னல் வேறு, ஆவணம் வேறு. இரண்டாவதில் ஜன்னல் ஆவணத்தின் வடிவத்துக்குள் கை வைக்கிறது.

வந்தபடி கிடைத்தவற்றைப் பற்றி யோசிக்க இந்த வேறுபாடு ஒன்றே போதுமான கருவி. சில டீஃபால்ட்டுகள், அதாவது வந்தபடி இருக்கும் மதிப்புகள், ஜன்னலோடு நிற்கின்றன. சில ஆவணத்துக்குள் இறங்கி, அனுப்பும் இடமெல்லாம் கூடவே போகின்றன. எழுத்துரு அப்படிப்பட்டது. வேர்ட் 2007-இல் டைம்ஸ் நியூ ரோமனை அகற்றிவிட்டு காலிப்ரி டீஃபால்ட் ஆனது. அண்மையில் அந்த இடத்துக்கு ஆப்டோஸ் வந்திருக்கிறது. 2017-இல் பாகிஸ்தானின் பனாமா ஆவண வழக்கில், அப்போதைய பிரதமர் நவாஸ் ஷெரீஃபின் மகள் மர்யம் தரப்பு தாக்கல் செய்த, 2006 பிப்ரவரி தேதியிட்ட ஆவணங்கள் காலிப்ரியில் இருப்பதை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. காலிப்ரி பொதுச் சந்தைக்கு வந்தது 2007 ஜனவரியில். சோதனைப் பதிப்புகளில் அது முன்பே இருந்ததே என்ற எதிர்வாதமும் எழுந்தது. நவாஸ் ஷெரீஃபின் பதவி பறிபோனது வேறொரு காரணத்தால். 2018-இல் தண்டிக்கப்பட்ட மர்யமை இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் 2022-இல் விடுதலை செய்தது. ஆனாலும் வழக்கமாக யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுக்காத ஓர் எழுத்துரு ஒரு நாட்டின் அரசியலையே உலுக்கியது. திறக்கும்போது ஜன்னல் எந்த அளவில் இருந்தது என்று எந்த நீதிமன்றமும் கேட்டதில்லை.

இந்த அளவுகோலோடு மீண்டும் கஸாலியிடம் போகலாம். உலகத்தின் அளவைக் கேட்ட அதே ஆண்டின் கடைசியில் அவர் தன் பதவியையே உதறினார். பின்னாளில் எழுதிய ‘அல்-முன்கித் மின் அள்-ளலால்’ என்ற தன்வரலாற்று நூலில், சிறுவயதிலேயே தன்னை உறுத்திய ஒன்றைச் சொல்கிறார். கிறித்துவர் வீட்டுப் பிள்ளைகள் கிறித்துவர்களாகவே வளர்கிறார்கள், யூதர் வீட்டுப் பிள்ளைகள் யூதர்களாக, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் முஸ்லிம்களாக. அப்படியானால் தன் நம்பிக்கை உண்மை என்பதால் தன்னுடையதாக இருக்கிறதா, அந்த வீட்டில் பிறந்ததால் தன்னுடையதாக இருக்கிறதா? தகப்பனும் ஆசிரியரும் சொன்னதை ஆராயாமல் ஏற்கும் ‘தக்லீத்’ ஒருமுறை உடைந்துவிட்டால், அதைப் பழையபடி ஒட்டவைக்க முடியாது என்று அவர் கண்டுகொண்டார்.

வீட்டைவிட்டுப் புறப்பட்டவர் டமாஸ்கஸ், ஜெருசலேம், மக்கா என்று போனார். 1106-இல் நிஷாப்பூரில் மீண்டும் பாடம் சொல்ல உட்கார்ந்தார். அப்போதும் அவர் முஸ்லிம்தான். வெளியே இருந்து பார்த்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியதாகத் தோன்றும். ஆனால் முன்பு இருந்தது பூஜ்யம் போடப்பட்ட கட்டம். பிறகு இருந்தது, அவர் கையால் நிரப்பிய கட்டம். இரண்டிலும் ஒரே மதிப்பு இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. பிறந்த மதத்தை விடாமல் இருப்பவரைப் பார்த்து யோசிக்காதவர் என்று சொல்வதும், விட்டவரைப் பார்த்து யோசித்தவர் என்று சொல்வதும் ஒரே அவசரத்தின் இரண்டு முகங்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் கேள்வி கேட்டுத்தான் தீர வேண்டுமா? நெற்றிக்கு இட்டுக்கொள்வதிலிருந்து சாப்பாட்டு இலையின் நுனி எந்தப் பக்கம் என்பது வரை உட்கார்ந்து ஆராய்ந்தால் ஆயுள் போதாது. அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் ‘தி வில் டு பிலீவ்’ கட்டுரையில் இதற்கு ஒரு வழி காட்டினார். தேர்வுகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. சிலவற்றில் காத்திருக்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது. வேறு சிலவற்றில், தேர்ந்தெடுக்காமல் இருப்பதே ஒரு பக்கம் சாய்வதாகிவிடும். விளைவும் பெரிதாக இருக்கும். சும்மா இருந்துவிட்டேன் என்ற சாக்கு அங்கே செல்லாது. ஜேம்ஸ் பேசியது கடவுள் நம்பிக்கையைப் பற்றி. அவருடைய தராசு மற்றவற்றையும் நிறுக்கும்.

உடலுறுப்பு தானத்தை அதில் வைத்துப் பார்க்கலாம். எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டைனும் 2003-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சம்மதித்துப் பதிய வேண்டும் என்ற விதியுள்ள ஜெர்மனியில் சம்மத விகிதம் 12 சதவீதம். மறுத்தால் மட்டும் பதிய வேண்டும் என்ற விதியுள்ள பக்கத்து ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம். ஒரே மொழி பேசும் அண்டை நாடுகள். கருணையின் அளவு எல்லைக் கோட்டைத் தாண்டியதும் எட்டு மடங்கு பெருகியிருக்க வாய்ப்பில்லை. படிவத்தின் காலிக் கட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதில்தான் வேறுபாடு. தாளில் சம்மதம் இருப்பதும் மருத்துவமனையில் தானம் நடப்பதும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் இத்தனை பேர் தங்கள் உடம்பைப் பற்றிய ஒரு முடிவை, முடிவு என்றே தெரியாமல், வந்தபடி விட்டிருக்கிறார்கள்.

இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்க வேண்டியவர்கள் விட்டவர்கள் இல்லை. மற்றவர்களுக்காக முதல் மதிப்பை வைப்பவர்கள்: மென்பொருள் செய்பவர், சட்டம் எழுதுபவர், பிள்ளையைக் கோயிலுக்கோ மசூதிக்கோ தேவாலயத்துக்கோ கைபிடித்து அழைத்துப்போகும் பெற்றோர். முதல் மதிப்பு ஒன்றை வைக்காமல் இருக்க அவர்களால் முடியாது. அளவில்லாத ஜன்னலைத் திறக்க முடியாது. ஆனால் ஏன் இதை வைத்தாய் என்று கேட்டால் சொல்ல ஒரு காரணமும், மாற்றிக்கொள்ள ஒரு வழியும் அவர்கள் தர வேண்டியவை. ஏ4 தாளைச் செய்தவர்கள் முதலாவதைத் தந்தார்கள், காஞ்சிபுரத்து ஆறு வார்த்தைகள் இரண்டாவதைத் தந்தன. பூஜ்யம் போட்டவர் எதையும் தரவில்லை. அவரை ஞானி என்று நம்பியது படைத்தவரின் குற்றமல்ல, பயன்படுத்தியவர்களின் பக்தி.

பெற்றுக்கொண்டவர்கள் செய்ய வேண்டியது இதைவிடக் குறைவு. வேர்டின் ஜன்னலை எந்த அளவிலும் விட்டுவிடலாம். பக்கத்துக்குள் இறங்கி இன்னொருவர் வாழ்க்கையைத் தொடும் கட்டங்களை மட்டும் திறந்து பார்த்தால் போதும். அவற்றில் ஒன்று இன்றைக்கே பார்க்கக்கூடியது. இந்தியாவின் 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் ஆஸ்திரியாவைப் போலச் சம்மதத்தைத் தானாக ஊகித்துக்கொள்வதில்லை, கேட்டுத்தான் பெறுகிறது. மூளைச்சாவு நேர்ந்தபின் மருத்துவர்கள் கேட்பது குடும்பத்தாரிடம். தானம் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், வாசகர் தம் விருப்பத்தை இன்று இரவே வீட்டாரிடம் சொல்லிவிடலாம்.